சர்வருக்குள் டிஸ்க் அமைப்பை மாற்றுவது எப்படி: பழைய செட்டைத் தொடாமல் வேலையை முடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டிஸ்க் அமைப்பை மாற்றும் வேலையில் ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் வரிசை. எதற்குப் பின் எது, எந்த இடம் வரை போனாலும் திரும்பி வர முடியும், எந்த இடத்தில் ஒரு சாவியை அழுத்தினால் திரும்பவே முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், ராத்திரி இரண்டு மணிக்குக் கை நடுங்காது.

நான் சொல்லப்போகிற முறைக்கு ஒரே ஓர் அடிப்படை. பழைய டிஸ்குகள் மொத்தமாக, அதே வரிசையில் வெளியே வர வேண்டும். புது டிஸ்குகள் உள்ளே போக வேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் பழைய டிஸ்குகளில் எதுவும் எழுதப்படக் கூடாது.

நம் பக்கத்தில் அதிகம் நடப்பது வேறு. ஒரு டிஸ்கை உருவி, பெரியதாக ஒன்றைச் செருகி, ரீபில்ட் (புது டிஸ்கில் பழைய டேட்டாவை மறுபடி நிரப்புவது) முடிந்ததும் அடுத்ததை உருவுவார்கள். எல்லாம் மாறிய பிறகு கொள்ளளவை விரிப்பார்கள். சர்வரை நிறுத்தவே வேண்டாம் என்பதால் இதைக் கேட்கிற முதலாளிக்கு முகம் மலரும். ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்காக, அதாவது ஒரு வால்யூமாகக் காட்டும் முறை. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும், ரெய்டு 6-இல் இரண்டு போனாலும் தப்பும். ஆனால் 4 டிஸ்க் ரெய்டு 5-இல் இப்படிச் செய்தால் நான்கு முறை ரீபில்ட் நடக்கும். நான்கு முறையும் ஒரு டிஸ்க் குறைந்த நிலையில், மிச்சமிருக்கும் மூன்றையும் முதல் செக்டார் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) முதல் கடைசி வரை படித்தாக வேண்டும். ஐந்து வருஷம் யாரும் தொடாத மூலையில் ஒரு படிக்க முடியாத செக்டார் இருந்தால் அது அப்போதுதான் தலைகாட்டும். ரெய்டு 5-ஐ ஓட்டத்திலேயே ரெய்டு 6 ஆக மாற்றும் வசதியும் கன்ட்ரோலர்களில் (டிஸ்குகளை நிர்வகிக்கும் கார்டு) உண்டு. பேக்கப் கையில் இல்லாமல் அதைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

எந்தச் சர்வர், என்ன மாற்றம்

பேசுவதற்கு வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடை. 2 யூ ரேக் சர்வர், முன்பக்கம் 2.5 அங்குல ஸ்லாட் எட்டு. அதில் 600 ஜிபி, 10,000 ஆர்பிஎம் சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க் நான்கு, ரெய்டு 5. எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் தாங்கி வைக்கும் கேஷ் மெமரி கன்ட்ரோலரில் கிடையாது. விண்டோஸ் சர்வரும் அதன்மேல் பில்லிங், சரக்கு இருப்பு பார்க்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸும் ஒரே வால்யூமில். மாலையில் கூட்டம் ஏறினால் பில் போடுகிற இடத்தில் திரை நின்று நின்று வரும்.

செய்யப்போவது: கேஷும், மின்சாரம் போனால் அதைக் காக்கும் பேட்டரியும் உள்ள கன்ட்ரோலர். ஸ்லாட் 0, 1-இல் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே பிரதி), இயங்குதளத்துக்கு. ஸ்லாட் 2 முதல் 5 வரை 960 ஜிபி எஸ்எஸ்டி நான்கு, ரெய்டு 10 (அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகள் சேர்ந்தது), டேட்டாபேஸுக்கு. ஸ்லாட் 6-இல் அதே 960 ஜிபி ஒன்று, ஹாட் ஸ்பேர், அதாவது ஒரு டிஸ்க் போனால் தானாக அதன் இடத்தைப் பிடிக்கும் உபரி. ஸ்லாட் 7 காலி.

டெல் பவர்எட்ஜ், எச்பிஇ புரோலையன்ட், லெனோவோ திங்க்சிஸ்டம் எதுவானாலும் வரிசை இதுதான். மெனுவின் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில் கணக்கு

திரை ஏன் நிற்கிறது? 10,000 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 140 சிறு வேலைகள் செய்யும். நான்கு சேர்ந்தால் 560. ஆனால் ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்று எழுத நான்கு வேலை ஆகிறது. பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியை (போன டிஸ்கைக் கணக்கிட்டு மீட்க உதவும் தகவல்) படி, புது டேட்டாவை எழுது, புது பாரிட்டியை எழுது. 560-ஐ நான்கால் வகுத்தால் மறுபடி 140. நான்கு டிஸ்க் இருந்தும் எழுதும் வேகம் ஒரு டிஸ்கின் வேகம்தான். கேஷ் இருந்தால் இதை மறைத்துவிடும். இந்தச் சர்வரில் அதுவும் இல்லை. ரெய்டு 10-இல் ஒரு எழுத்துக்கு இரண்டு வேலைதான், டிஸ்கும் எஸ்எஸ்டி.

கொள்ளளவு? பழையது 600 பெருக்கல் 3, அதாவது 1.8 டிபி. புதியது 960 பெருக்கல் 2, 1.92 டிபி. டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அதனால் 960 ஜிபி டிஸ்க் திரையில் சுமார் 894 ஜிபி என்றும், முழு வால்யூம் 1.74 டிபி என்றும் தெரியும். இதை முதலாளியிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கணக்கில் ஏதோ குறைகிற மாதிரிதான் கேட்கும்.

ரெய்டு 5 எல்லாவற்றுக்கும் கெட்டது என்று சொல்லமாட்டேன். எஸ்எஸ்டியில், படிக்கும் வேலை மட்டும் அதிகமுள்ள இடத்தில் இன்னும் செல்லும். 8 டிபி, 12 டிபி சுழலும் டிஸ்கில் வேண்டாம். 8 டிபி டிஸ்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ரீபில்ட் செய்தால், வேறு வேலையே இல்லாவிட்டாலும் 15 மணி நேரம் ஆகும். அங்கே ரெய்டு 6-தான்.

வாங்குவதற்கு முன்

சர்வரின் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். பெட்டி ஆலையிலிருந்து எந்த பேக்பிளேனோடு, எந்தக் கேபிளோடு வந்தது என்று தெரியும். டிஸ்குகளைச் செருகும் பலகைதான் பேக்பிளேன். 8 ஸ்லாட் சட்டகம் என்று வெளியே தெரிந்தாலும், உள்ளே கேபிள் நான்கு ஸ்லாட்டுக்கு மட்டுமே போட்டிருக்கும் பெட்டிகள் உண்டு.

சாட்டா (சாதாரணக் கணினிகளில் உள்ள இணைப்பு வகை) டிஸ்க் சாஸ் பேக்பிளேனில் வேலை செய்யும், சாஸ் டிஸ்க் சாட்டா போர்ட்டில் செருகவே செருகாது. ஒரே ரெய்டு செட்டுக்குள் சாஸையும் சாட்டாவையும் கலக்காதீர்கள், எஸ்எஸ்டியையும் சுழலும் டிஸ்கையும் கலக்காதீர்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் விடாது. 512 பைட் செக்டார், 4,096 பைட் செக்டார் டிஸ்குகளும் ஒரே செட்டில் சேராது. பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் சாஸ் டிஸ்குகளில் சில 520 பைட் செக்டாரில் ஃபார்மட் ஆனவை. கன்ட்ரோலர் அவற்றைப் பார்க்கும், ஆனால் பயன்படுத்த விடாது. மறு ஃபார்மட் செய்ய வழி உண்டு. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சாதா எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டுவிடலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விலையில் பாதிக்கும் கீழ். வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். சர்வர் எஸ்எஸ்டிக்குள் சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் திடீரென்று போனாலும், டிஸ்கின் சொந்த மெமரியில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை மின்சாரம் தேக்கி வைத்திருக்கும். சாதா எஸ்எஸ்டியில் அது பொதுவாகக் கிடையாது. இரண்டாவது, எழுதித் தாங்கும் அளவு. ஒரு நாளைக்கு முழு டிஸ்கையும் எத்தனை முறை எழுதலாம் என்று அளவு போட்டிருப்பார்கள். படிப்பதற்கு என்று விற்பதில் அது 1 அளவில் இருக்கும், கலந்த வேலைக்கு என்று விற்பதில் 3 அளவில். டேட்டாபேஸுக்கு இரண்டாவது வகை.

டிஸ்குகள் வந்ததும் ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட சில சாஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துப்போகும்; ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது ஒன்றே வழி. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்குகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். எந்த ரெய்டு எண்ணும் அங்கே உதவாது.

கூடவே வாங்க வேண்டியவை: டிஸ்க் டிரேக்கள், அவற்றுக்கான திருகாணிகள், ஒரு செட் உபரி சாஸ் கேபிள், ஒரு உபரி 960 ஜிபி எஸ்எஸ்டி. கேபிளை வலியுறுத்தக் காரணம் ஊர். சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பலாம். நமக்கு அது மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஒரு கேபிளின் கொக்கி உடைந்தால் திங்கள் மதியம் வரை கடை நிற்கும்.

நாள் குறிப்பது

ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி என்று வைத்திருக்கிற கடையில் அதற்கு முந்தைய மூன்று நாட்கள் வேண்டாம். மார்ச் கடைசி, ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய மாதம் ஆகியவற்றைப் பேசவே வேண்டாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பாருங்கள். ஆனித் தேரோட்டத்தன்று உள்ளூர் விடுமுறை, கடைக்கு ஆள் வராது, நல்ல நாள்போலத் தெரியும். கடை ரத வீதியில் இருந்தால் உங்கள் வண்டியும் உள்ளே போகாது.

நேரத்தைக் கேட்டு வாங்கும்போது கணக்கோடு போங்கள். 1.2 டிபி டேட்டாவை ஒரு கிகாபிட் நெட்வொர்க் வழியாகத் திரும்ப ஏற்ற, நொடிக்கு 110 எம்பி என்று வைத்தால் 3 மணி நேரம். அதே அளவு நேரம் சரிபார்க்க. வன்பொருள் வேலை 2 மணி. சோதனை 2 மணி. பத்து மணி நேரம் என்பது மிகையில்லை.

“எட்டு மணிக்குக் கடைய அடைச்சிட்டுத் தாரேன். காலையில பில் போட்டுரலாம்லாடே?”

“போட்டுரலாம் அண்ணாச்சி. ஆனா நாலு மணிக்குள்ள சரிவரலைன்னா பழசையே மாட்டிருவேன். அப்பவும் காலையில பில் போடலாம்.”

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல முடிகிற நிலையில்தான் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாலு மணியை எழுதி வையுங்கள். இன்னும் அரை மணியில் முடிந்துவிடும் என்று தோன்றினாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திரும்ப ஏற்றிப் பார்த்த பேக்கப்

இரண்டு வகை வேண்டும். முழு சர்வரையும் அப்படியே நகலெடுத்த இமேஜ் ஒன்று, டேட்டாபேஸின் தனி பேக்கப் ஒன்று. இமேஜைத் திரும்ப ஏற்றும் பூட் யூஎஸ்பியில் புதுக் கன்ட்ரோலரின் டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இமேஜ் கையில் இருக்கும், அதை ஏற்ற டிஸ்கே திரையில் தெரியாது.

டேட்டாபேஸ் பேக்கப்பை ஒரு வாரம் முன்பே வேறு ஒரு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா என்று கணக்குப்பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். “பேக்கப் வெற்றி” என்று மென்பொருள் அனுப்பும் மின்னஞ்சலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இயங்குதளம் புதுக் கன்ட்ரோலரை அறிந்திருக்கிறதா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது. விண்டோஸில் பழைய கன்ட்ரோலர் இருக்கும்போதே புதியதன் டிரைவரை ஏற்றி வையுங்கள். லினக்ஸில், எழும்பும்போது முதலில் ஏறும் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவர் மாட்யூல் சேர்ந்திருக்க வேண்டும். டெல்லின் பெர்க், மெகாரெய்டு வகைக்கு மெகாரெய்டு_சாஸ், புது எச்பிஇ ஸ்மார்ட் அரேக்கு ஸ்மார்ட்பிக்யூஐ. இயங்குதளத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு: ரெட் ஹேட் லினக்ஸ் 8-இலும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 7-இலும் பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றுக்கு ஆதரவு எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு மாற்றத்தை ஒரே ராத்திரியில் செய்யாதீர்கள்.

பேக்கப் இருக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) எங்கே இருக்கிறது? 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்ததை இந்த ஊருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சர்வரும் பேக்கப்பும் ஒரே தரைத்தள அறையில் இருந்தால் அது ஒரு பிரதிதான். நாஸை மாடிக்கு ஏற்றுங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

டெல்லின் ஐடிராக் அல்லது எச்பிஇயின் ஐஎல்ஓ என்கிற தொலைநிர்வாகத் திரை வழியாக இப்போதைய அமைப்பைப் படம் எடுங்கள். எந்த ஸ்லாட்டில் எந்த சீரியல் எண், ரெய்டு வகை, ஸ்ட்ரைப் அளவு (ஒரு டிஸ்கில் ஒரே தொடராக எழுதும் துண்டின் அளவு), கேஷ் கொள்கை, பூட் முறை (சர்வர் எழும்பும் விதம்) யூஇஎஃப்ஐயா பழைய பயாஸா. பூட் முறையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இமேஜ் சரியாக ஏறியும் சர்வர் எழும்பாமல் நிற்பதற்கு அது முக்கியக் காரணம்.

இரண்டு நாள் முன்பு பழைய செட்டில் ஒரு கன்சிஸ்டன்சி செக் (டேட்டாவும் பாரிட்டியும் பொருந்துகிறதா என்ற சோதனை) ஓட விடுங்கள். நாம் திரும்பி வரப்போகிற இடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

பிறகு ஒவ்வொரு டிரேயின் முகத்திலும் மார்க்கரால் எழுதிய ஒட்டுத்தாள். “ப-0, ப-1, ப-2, ப-3”. புதியவற்றுக்கு “பு-0” முதல் “பு-6” வரை.

கடை அடைத்ததும் எல்லோரையும் வெளியேற்றி, டேட்டாபேஸ் சேவையை நிறுத்தி, கடைசி பேக்கப்பை எடுத்து, முறைப்படி ஷட்டவுன் செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். கேஷ் உள்ள கன்ட்ரோலராக இருந்தால் எழுதப்படாத டேட்டா உள்ளேயே தங்கிவிடும், பிறகு பழைய செட்டை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. இரண்டு மின் கேபிளையும் பிடுங்குங்கள். பிடுங்கிய பின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும்.

இப்போது பழைய நான்கையும் வெளியே எடுங்கள். டிரேயின் கொக்கியை விடுவித்ததும் கைப்பிடி வெளியே வரும், டிஸ்க் ஒரு விரல் அளவு நகரும். சர்வர் நிறுத்தியே அரை நிமிடம்தான் ஆகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, சுழற்சி அடங்கட்டும், பிறகு முழுதாக இழுங்கள். ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டு, மெத்தை வைத்த அட்டைப்பெட்டியில், ரேக்கிலிருந்து தள்ளி வேறு அறையில் வையுங்கள். இனி விடிகாலை வரை அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது.

உள்ளே

மணிக்கட்டுப் பட்டையைச் சட்டகத்தின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். ஆனி, ஆடியில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஜன்னலை முதலில் அடையுங்கள். அந்தக் காற்று அள்ளிவரும் மண் ஒரு மணி நேரத்தில் மதர்போர்டின்மேல் படியும். ஏற்கெனவே படிந்திருப்பதை ஊதித் தள்ளும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடி, அதன்கீழே காற்றை வழிப்படுத்தும் பிளாஸ்டிக் கவசம், அதற்குக் கீழே கேபிள்கள். பேக்பிளேனிலிருந்து இரண்டு கேபிள் வரும், ஒவ்வொன்றும் நான்கு ஸ்லாட்டுக்கு. பெரும்பாலும் எஸ்எஃப்எஃப்-8643 வகை. சுண்டுவிரல் நுனி அளவு சதுர உலோகத் தலை, முதுகில் ஒரு சின்ன நாக்கு. அந்த நாக்கை அழுத்திக்கொண்டு, தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறகு நேராக வெளியே இழுக்க வேண்டும். முதலில் உள்ளே தள்ளினால்தான் கொக்கி விடும். ஒயரைப் பிடித்து இழுத்தால் நாக்கு உடையும். மேலே சொன்ன உபரி கேபிள் இதற்காகத்தான்.

கழற்றும் முன் இரண்டிலும் ஏ, பி என்று எழுதிப் படம் எடுங்கள். எக்ஸ்பாண்டர் (ஒரு இணைப்பைப் பல ஸ்லாட்டுக்குப் பிரிக்கும் சில்லு) இல்லாத பேக்பிளேனில் இரண்டும் இடம் மாறினால் ஸ்லாட் 0 திரையில் 4 என்று தெரியும். வேலை நடக்கும், புகார் வராது. இரண்டு வருஷம் கழித்து ஸ்லாட் 3-இல் பழுது என்று மின்னஞ்சல் வரும்போது யாரோ ஒருவர் நல்ல டிஸ்கை உருவுவார்.

பழைய கன்ட்ரோலரை எடுத்துப் பழைய டிஸ்குகளோடு அதே பெட்டியில் வையுங்கள். திரும்பிப் போகிற வழியில் அதற்கும் இடம் உண்டு. புதுக் கன்ட்ரோலரைச் செருகி, பேட்டரியின் ஒயரை மாட்டுங்கள். எச்பிஇ பத்தாம் தலைமுறைச் சர்வர்களில் கன்ட்ரோலருக்கென்று தனி பேட்டரி இருக்காது, மதர்போர்டோடு இணைந்த 96 வாட் பொதுப் பேட்டரி இருக்கும். அது பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள்கள் ஃபேன் வழியில் தொங்காமல், கூர்மையாக மடியாமல் போக வேண்டும். கவசத்தைத் திரும்ப வைத்த பிறகுதான் பவர். கவசம் இல்லாமல் ஓட்டினால் காற்று பிராசசரைத் தொடாமலே போய்விடும்.

டிஸ்க் ஒன்றும் இல்லாமல் முதல் பவர்

இந்தப் படியைப் பலர் தாண்டிப்போவார்கள். டிஸ்க் ஒன்றுகூடச் செருகாமல் சர்வரை எழுப்புங்கள். கன்ட்ரோலர் தெரிகிறதா, கேஷ் அளவு சரியா, பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை இப்போது புதுப்பித்துவிடுங்கள். அழிவதற்கு உள்ளே எதுவுமே இல்லாத ஒரே நேரம் இதுதான்.

பிறகு பு-0-ஐ மட்டும் செருகுங்கள். திரையில் ஸ்லாட் 0 என்று வந்தால் அடுத்தது. 4 என்று வந்தால் கேபிள் மாறிவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக ஏழு. பத்து நிமிடம் ஆகும். பயன்படுத்திய டிஸ்க் ஏதாவது கலந்திருந்தால் “ஃபாரின் கான்ஃபிகரேஷன்” என்று கன்ட்ரோலர் சொல்லும். வேறெங்கோ இருந்த ரெய்டின் குறிப்பு அந்த டிஸ்கில் இன்னும் இருக்கிறது என்று பொருள். இப்போது அதை கிளியர் செய்யலாம். நம் பழைய டிஸ்குகள் வேறு அறையில் இருப்பதால் தயங்க வேண்டியதில்லை.

ஸ்லாட் 7-இல் வெற்று மூடியைச் செருக மறக்க வேண்டாம். அந்தத் துளை திறந்திருந்தால் ஃபேன் இழுக்கும் காற்று டிஸ்குகளின் இடுக்கில் போகாமல் அதன் வழியே சுலபமாகப் போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி பழுதாகும் ஒரு மதியத்தில் இதன் வித்தியாசம் தெரியும்.

வால்யூம் உருவாக்குவது

டெல்லில் எழும்பும்போது எஃப்2, எச்பிஇயில் எஃப்9 அல்லது எஃப்10. முதலில் ரெய்டு 1, பிறகு ரெய்டு 10, பிறகு ஹாட் ஸ்பேர். வால்யூம்களுக்குப் பெயர் வையுங்கள். “வெர்ச்சுவல் டிஸ்க் 0” என்று விட்டால் அடுத்து வருபவருக்கு அது எதுவாகவும் இருக்கலாம். ஹாட் ஸ்பேரைப் பொதுவானதாக வையுங்கள். 960 ஜிபி என்பதால் 480 ஜிபி செட்டில் ஒன்று போனாலும் அது கைகொடுக்கும். இரண்டும் ஒரே வகை, சாட்டா என்றால் இரண்டும் சாட்டா, என்றிருக்க வேண்டும்.

ஸ்ட்ரைப் அளவை இயல்பாக இருப்பதிலேயே விடுங்கள். அதைப் பற்றி நடக்கும் விவாதங்களின் நீளத்துக்கு அதன் பயன் இல்லை.

எழுதும் கொள்கையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரைட் பேக் என்றால் கேஷுக்குள் வந்ததுமே எழுதியாகிவிட்டது என்று கன்ட்ரோலர் பதில் சொல்லிவிடும். ரைட் த்ரூ என்றால் டிஸ்குக்குப் போன பிறகே சொல்லும். சுழலும் டிஸ்குக்குப் பேட்டரியுடன் ரைட் பேக்தான். எஸ்எஸ்டிக்குச் சில கன்ட்ரோலர்களில் ரைட் த்ரூவே வேகம், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகும் வரை கன்ட்ரோலர் தானாகவே ரைட் த்ரூவில் இருக்கும், அதனால் முதல் மணி நேர வேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். “ஃபோர்ஸ் ரைட் பேக்” என்று ஒரு தேர்வு இருக்கும். பேட்டரி செத்தாலும் கேஷிலேயே எழுது என்று அர்த்தம். மின்தடையும் ஜெனரேட்டர் மாற்றமும் அன்றாடமாக இருக்கிற ஊரில் அதன் பக்கமே போகாதீர்கள்.

டேட்டாவைத் திரும்ப ஏற்றுவது

இமேஜிலிருந்து இயங்குதளப் பகுதியை மட்டும் முதல் வால்யூமில் ஏற்றுங்கள். பூட் முறை பழையதுபோலவே இருக்கட்டும். எழும்பியதும் டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டாவது வால்யூமை ஜிபிடி முறையில் தயாரித்து, பழைய டிரைவ் எழுத்தையே கொடுங்கள். பழைய முறையான எம்பிஆர் இன்றைக்கு வேலை செய்யும், ஆனால் நாளைக்கு 2 டிபியைத் தாண்ட விடாது. லினக்ஸாக இருந்தால் எந்த வால்யூம் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் சாதனப் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) இருக்க வேண்டும், கன்ட்ரோலர் மாறினால் பெயர்களின் வரிசை மாறும்.

டேட்டாபேஸ் ஏறும்போது முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஜங்ஷன் பக்கம் அந்நேரத்துக்கும் டீ கிடைக்கும்.

வேண்டுமென்றே ஒரு டிஸ்கை உருவுங்கள்

டேட்டாபேஸ் எழும்பி, கடைசி பில் எண் சரி என்று தெரிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்லாட் 3-ஐ உருவுங்கள். கடைக்காரர் பக்கத்தில் நின்றால் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் நிற்காமல் ஓடுகிறதா? ஸ்லாட் 6-இல் ரீபில்ட் தொடங்கியதா? உங்கள் கைபேசிக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததா? மூன்றாவது பெரும்பாலும் வராது. மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி கடவுச்சொல் எப்போதோ மாறியிருக்கும். டிஸ்க் போனதே தெரியாமல் ஒரு வருஷம் ஓடி, இரண்டாவதும் போன பிறகு தெரியவருவது இதனால்தான்.

விளக்குகளையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். டெல்லில் டிஸ்க் விளக்கு நொடிக்கு நான்கு முறை ஆரஞ்சாக மின்னினால் அது போய்விட்டது. பச்சை, ஆரஞ்சு, அணைவு என்று மாறி மாறி வந்தால் போகப்போகிறது. எச்பிஇ டிரேயில் “எடுக்காதே” என்பதற்குத் தனி வெள்ளை விளக்கு உண்டு. அது எரியும்போது அந்த டிஸ்கை எடுத்தால் ஒரு வால்யூமே விழும். பழுதான டிஸ்கை அடையாளம் காண விளக்கை மட்டும் நம்பாமல், மென்பொருளில் அதன் லொக்கேட் விளக்கை எரியவிட்டு, சீரியல் எண்ணை டிரே ஒட்டுத்தாளோடு ஒப்பிட்டு எடுங்கள்.

உருவியதைத் திரும்பச் செருகினால் அது ஃபாரின் என்று காட்டும். அந்த ஒன்றை மட்டும் கிளியர் செய்து, கன்ட்ரோலர் காப்பிபேக் செய்யட்டும், அதாவது ஸ்பேரில் இருப்பதை அதற்குத் திரும்ப நகலெடுக்கட்டும். எஸ்எஸ்டி என்பதால் காலைக்குள் முடியும்.

திரும்பிப் போக வேண்டியிருந்தால்

நாலு மணி ஆகிவிட்டது, டேட்டாபேஸ் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். யோசிக்க ஒன்றும் இல்லை. ஷட்டவுன், மின் கேபிள் வெளியே, புது டிஸ்குகள் வெளியே, பழைய கன்ட்ரோலர் உள்ளே, ஏ, பி கேபிள்கள் அதன் இடத்தில், ப-0 முதல் ப-3 வரை அதன் ஸ்லாட்டில். எழுப்புங்கள்.

ரெய்டின் வரைபடம் டிஸ்குகளிலேயே எழுதியிருக்கும். பழைய கன்ட்ரோலர் அதைப் படித்து அப்படியே எழும்பலாம். அல்லது, கன்ட்ரோலரின் நினைவும் டிஸ்கின் குறிப்பும் பொருந்தாமல், “ஃபாரின் கான்ஃபிகரேஷன்” என்று நின்று கேட்கும். இந்த ராத்திரியிலேயே ஆபத்தான நிமிடம் இதுதான். இம்போர்ட் என்றால் பழைய ரெய்டு அப்படியே திரும்பும். கிளியர் என்றால் வரைபடம் அழியும். டெல்லின் பெர்க் கன்ட்ரோலர்களில் எழும்பும் திரையிலேயே இம்போர்ட் செய்ய எஃப் எழுத்தை அழுத்தச் சொல்லும். நான்கு டிஸ்கும் பட்டியலில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே அழுத்துங்கள். மூன்றுதான் தெரிந்தால் அழுத்தாமல் அணைத்து, நான்காவதை மறுபடி செருகிப் பாருங்கள். மூன்றோடு இம்போர்ட் செய்தால் ரெய்டு 5 குறைபட்ட நிலையில் எழும்பி, உடனே எழுத ஆரம்பித்துவிடும்.

பழைய டிஸ்குகளைப் புதுக் கன்ட்ரோலரிலேயே போட்டு இம்போர்ட் செய்யலாமா? ஒரே குடும்பத்துக் கன்ட்ரோலர்கள் பல ஒன்றன் குறிப்பை மற்றது படிக்கும். வேறு கம்பெனி என்றால் படிக்காது. நெருக்கடியில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், பழைய கார்டு பெட்டியில்தானே இருக்கிறது.

பழைய டிஸ்குகளை என்ன செய்வது

உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதக் கடைசி, ஒரு ஜிஎஸ்டி தாக்கல் முடியட்டும். அதுவரை அந்தப் பெட்டி பீரோவின் மேல்தட்டில், தேதி எழுதி இருக்கட்டும். புது ஸ்லாட் வரைபடத்தை அச்செடுத்து சர்வர் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

பிறகு நான்கையும் ஒரு பழைய கணினியில் சாஸ் எச்பிஏ கார்டு (ரெய்டு இல்லாமல் டிஸ்கை நேரடியாகக் காட்டும் கார்டு) போட்டு, முழுதாக ஒருமுறை மேலெழுதி அழியுங்கள். 600 ஜிபி டிஸ்க் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் மேலெழுதுவது நம்பகமில்லை, டிஸ்கின் உள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். ரெய்டு 5-இல் இருந்த ஒரு டிஸ்கை மட்டும் வைத்து எதையும் படிக்க முடியாது என்று காயலான் கடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரைப் ஒவ்வொன்றும் 64 கேபி என்றால் ஒரு பில்லின் வாடிக்கையாளர் பெயரும் கைபேசி எண்ணும் அதற்குள் முழுதாக அடங்கும். அழித்த டிஸ்குகளில் நல்லதாக இரண்டைத் தனியே வையுங்கள். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இதே 600 ஜிபி செட் ஓடும் இன்னொரு கடையிலிருந்து அழைப்பு வரும்போது அவை உதவும்.